ஃபோக்கஸ் இசைத்தட்டுகளில் பாடகர் எங்கே?

கேள்வி கேட்டவர் எழுதியிருந்தது சுருக்கமாக இது: ஓர் ஆங்கிலப் படத்தின் துரத்தல் காட்சியில் ‘ஹோகஸ் போகஸ்’ கேட்டாராம். அது ஃபோக்கஸ் என்ற நெதர்லாந்து பேண்டுடையது என்று தெரிந்துகொண்டு அவர்களுடைய ஆல்பங்களைப் போட்டுப் பார்த்திருக்கிறார். பாட்டே இல்லை, வெறும் வாத்திய இசை. அதிலும் ஒரு டிராக் 23 நிமிடம். பாதியிலேயே மனம் எங்கோ போய்விடுகிறது. எதில் ஆரம்பிப்பது, எப்படிக் கேட்பது, ஹோகஸ் போகஸ் மாதிரி வேறு ஏதாவது உண்டா என்று மூன்று கேள்விகள். எனக்கு இதில் ஒரு கேள்விதான் தெரிகிறது. வார்த்தை இல்லாதபோது எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது? பதிலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதைச் சொல்லாமல் பத்து டிராக் பெயரைப் பட்டியல் போட்டால் அந்தப் பத்திலும் மனம் எங்கோதான் போகும்.

நான் யார், எவ்வளவு தூரம் என்னை நம்பலாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக கிட்டார் வாசிக்கிறேன், சொல்லியும் கொடுக்கிறேன். இந்த பேண்டின் கிட்டார் பகுதிகளில் பாதியையாவது காதால் கேட்டுக் கேட்டு எடுத்திருக்கிறேன். அதனால் கிட்டாரையும் மெட்டையும் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். டிரம்ஸைப் பற்றிச் சொல்வது ரசிகன் பேச்சு, அவ்வளவுதான். டச்சு தெரியாது. அவர்களை மேடையில் பார்த்ததும் இல்லை, எல்லாம் இசைத்தட்டு வழி அறிமுகம்தான்.

சரி, ஆட்களுக்கு வருவோம். 1969இல் ஆம்ஸ்டர்டாமில் டைஸ் ஃபன் லேர் தொடங்கிய குழு இது. அவர் ஆர்கன் வாசிப்பார், புல்லாங்குழல் வாசிப்பார், பாடவும் செய்வார். அப்பாவும் புல்லாங்குழல் கலைஞர். வீட்டிலேயே மேற்கத்திய சாஸ்திரிய இசை இருந்தது. இன்னொரு பக்கம், ராம்சஸ் ஷாஃபி என்ற பாடகரின் மேடைக் குழுவில் வாசித்த அனுபவமும் அவருக்கு உண்டு. கொஞ்ச நாளில் யான் ஆக்கர்மன் வந்து சேர்ந்தார். பிரெய்ன்பாக்ஸ் என்ற ராக் குழுவில் இருந்த கிட்டார் கலைஞர். ‘ஹேர்’ என்ற இசைநாடகத்தின் டச்சு மேடையேற்றத்துக்கு இவர்கள்தான் பின்னணி வாசித்தார்கள். ஆர்கனையும் புல்லாங்குழலையும் வைத்துக்கொண்டு பாஹ் என்ற சாஸ்திரிய இசை மேதையின் பக்கம் சாய்கிற ஒருவர், ப்ளூஸும் ஜாஸும் கைவந்த, பிற்பாடு லூட் என்ற பழங்காலத் தந்தி வாத்தியத்தின் மேல் பைத்தியமான இன்னொருவர். இந்த இருவருக்கும் நடுவில் நடந்ததுதான் ஃபோக்கஸ். மற்றவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

1970இல் வந்த முதல் ஆல்பத்தைப் பலரும் ஒதுக்கிவிடுவார்கள். ஆல்பமாக அது சுமார்தான். ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் அதில் ஒளிந்திருக்கிறது. ‘ஃபோக்கஸ்’ என்ற ஒரே மெட்டு அதில் இரண்டு முறை வருகிறது. முதலில் வார்த்தையோடு, மூன்று நிமிடத்துக்குள். கடைசியில் வார்த்தை இல்லாமல், கிட்டத்தட்ட பத்து நிமிடம். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். பாடிய வடிவம் அந்தக் காலத்தில் வந்த நூறு ஐரோப்பிய பாப் பாடல்களில் ஒன்று போல இருக்கிறது. பாடாத வடிவத்தில் கிட்டார் அந்த மெட்டை எடுத்ததும் அதே சுரங்கள் நின்று பேசுகின்றன. வார்த்தையை எடுத்ததும் மெட்டுக்கு மூச்சுவிட இடம் கிடைத்துவிட்டது. தங்களுக்குப் பாடகர் தேவையில்லை என்று இவர்கள் எங்கே கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். இது என் காதின் தீர்ப்பு, அவர்கள் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதைவிட நல்ல சாட்சி ‘சில்வியா’. ஃபன் லேர் அதை 1968வாக்கில் ஒரு பாட்டாகத்தான் எழுதினார். ஷாஃபியின் குழுவில் இருந்த சில்வியா ஆல்பர்ட்ஸ் என்ற பாடகிக்காக. ஆங்கில வரிகள்கூடத் தயாராக இருந்தன. பாடகிக்குப் பாட்டு பிடிக்கவில்லை, கிடப்பில் போட்டார்கள். நான்கு வருடம் கழித்து, 1972இல், வரிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மெட்டை ஆக்கர்மனின் கிட்டாரிடம் கொடுத்து, வேண்டாம் என்ற பாடகியின் பெயரையே தலைப்பாக வைத்தார்கள். அது 1973 தொடக்கத்தில் பிரிட்டிஷ் தரவரிசையில் 4ஆம் இடம் வரை போனது. பாடகி பாடியிருந்தால் போயிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மெட்டைக் கேட்டாலே தெரியும், அது மனிதக் குரலுக்கு எழுதியது. ஒரு வரி, ஒரு மூச்சு, இன்னொரு வரி. கிட்டார்காரர்கள் கிட்டாருக்கென்று எழுதும்போது விரல் எங்கே சுலபமாக ஓடுமோ அங்கே சுரம் ஓடும். சில்வியாவில் அப்படி ஓடாது. தொண்டை எங்கே போகுமோ அங்கேதான் போகும்.

இதில் இன்னொரு விஷயத்தைக் கவனிக்க எனக்குப் பல வருடங்கள் ஆயின. சில்வியா ஃபன் லேர் எழுதியது, அதைப் பாடுவது ஆக்கர்மனின் கிட்டார். ‘ஃபோக்கஸ் 2’, ‘ஃபோக்கஸ் 3’ என்று எண் போட்டு வரும் மெதுவான மெட்டுகளும் ஃபன் லேருடையவை, அங்கேயும் கிட்டார்தான் முன்னால் நிற்கிறது. இப்போது மறுபக்கம் பாருங்கள். ‘ஜானிஸ்’ முழுக்கப் புல்லாங்குழல். ‘ஹவுஸ் ஆஃப் தி கிங்’ என்றாலே எல்லோருக்கும் நினைவு வருவதும் புல்லாங்குழல்தான். இரண்டையும் எழுதியவர் ஆக்கர்மன்! கிட்டார்காரர் புல்லாங்குழலுக்கு எழுதுகிறார், ஆர்கன்காரர் கிட்டாருக்கு எழுதுகிறார். தன் கைக்குப் பழகிய வாத்தியத்துக்கு எழுதினால் கை தானாக வித்தை காட்டப் போய்விடும். அடுத்தவர் வாத்தியத்துக்கு எழுதும்போது விரல் பழக்கம் உதவாது, வாயால் முணுமுணுத்துத்தான் எழுத வேண்டும். இந்த பேண்டின் மெட்டுகள் ஏன் நினைவில் ஒட்டுகின்றன என்பதற்கு என்னிடம் இருக்கும் விளக்கம் இதுதான்.

ஆகவே எப்படிக் கேட்பது என்றால், ஒவ்வொரு கணமும் ‘இப்போது யார் பாடுகிறார்கள்?’ என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கிட்டாரா, குழலா, ஆர்கனா, குரலா. அந்தப் பாடகர் கைமாறும் இடங்களைக் கவனித்தாலே போதும். தாளக் கணக்கு, சுருதி மாற்றம் எல்லாம் அப்புறம் தானாக வரும்.

ஒரு இடத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ‘ஃபோக்கஸ் 2’வில் கிட்டாரின் சுரங்கள் சில இடங்களில் தட்டியது போலவே இல்லாமல், வயலின் வில்லில் இழுத்தது போல மெதுவாகக் கிளம்பும். கிட்டாரில் தந்தியைத் தட்டியதும் முதலில் வருவது ஒரு ‘டக்’. பிறகுதான் சுரம். அந்த ‘டக்’ இருக்கும் வரை அது குரல் ஆகாது. ஆகவே வால்யூம் குமிழைச் சுழியத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுத் தந்தியைத் தட்ட வேண்டும். யாருக்கும் கேட்காது. தட்டிய கையின் சுண்டுவிரல் அதே கணத்தில் குமிழைச் சுற்ற, சத்தம் இல்லாத இடத்திலிருந்து சுரம் எழுந்து வரும். அடுத்த சுரத்துக்குள் மறுபடி சுழியம். காலால் மிதிக்கும் வால்யூம் பெடலிலும் இதைச் செய்யலாம். கேட்கச் சுலபமாக இருக்கும். நான் இதைப் பழகிய முதல் மாதத்தில் சுண்டுவிரல் குமிழை விட்டு வழுக்கி, வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வராமல், வரக்கூடாத இடத்தில் ‘டக்’ மட்டும் வந்துகொண்டிருந்தது. வேகமாக வாசிப்பது இதைவிட லேசு. 1973இல் மெலடி மேக்கர் பத்திரிகையின் வாசகர்கள் ஆக்கர்மனைச் சிறந்த கிட்டார் கலைஞராகத் தேர்ந்தெடுத்தபோது அவருடைய வேகத்தைத்தான் பலர் பேசினார்கள். என் ஓட்டு இந்தச் சுண்டுவிரலுக்கு.

இனி ஹோகஸ் போகஸ். 1971இல் வந்த இரண்டாவது ஆல்பமான ‘மூவிங் வேவ்ஸ்’ இதில்தான் தொடங்குகிறது. இதற்குள் பியர் ஃபன் டெர் லிண்டன் டிரம்ஸுக்கு வந்துவிட்டார், பேஸ் கிட்டார் சிரில் ஹாவர்மன்ஸ். தயாரிப்பாளர் மைக் வெர்னன், பிரிட்டிஷ் ப்ளூஸ் உலகில் பெயர் வாங்கியவர். ஒத்திகையில் ஆக்கர்மன் அந்த ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சின்ன கிட்டார் துணுக்கை) வாசிக்க, டிரம்ஸ் குறுக்கே புக, ஃபன் லேர் திடீரென்று யோடல் பாடினார் என்பதுதான் இது பிறந்த கதையாகச் சொல்லப்படுவது. யோடல் என்றால் ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் அடிக்குரலுக்கும் கள்ளக்குரலுக்கும் சட்சட்டென்று தாவிப் பாடுவார்களே, அது. நெதர்லாந்தில் மலையே கிடையாது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளவும்.

கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருந்தாலும் அமைப்பு மிகக் கறாரானது. நம் வழக்கில் சொன்னால் அந்த கிட்டார் ரிஃப்தான் பல்லவி. ஒவ்வொரு சரணத்துக்கும் ஒரு புதுப் பைத்தியம். ஒன்றில் யோடல் ஏறி ஏறிக் கூச்சலில் முடியும். ஒன்றில் புல்லாங்குழல், அதுவும் ஊதிக்கொண்டே உறுமுகிற மாதிரி. சீட்டி, அக்கார்டியன், அர்த்தமில்லாத உளறல் என்று வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் முடிந்ததும் ரிஃப் ஒரு இம்மி பிசகாமல் திரும்பி வந்து நிற்கும். மேற்கத்திய சாஸ்திரிய இசையில் இதற்கு ரொண்டோ என்று பெயர், மோட்சார்ட் காலத்துச் சரக்கு. பல்லவி இவ்வளவு உறுதியாக இருப்பதால்தான் சரணத்தில் எந்தக் கூத்தும் அடிக்க முடிகிறது. கேட்கிறவர் தொலைந்துபோக மாட்டார்.

இங்கே ஒரு சொந்தக் கதை. கல்லூரிக் காலத்தில் நண்பன் ஒருவன் கேசட்டில் பதிந்து கொடுத்த ஹோகஸ் போகஸ் பயங்கர வேகமாக இருந்தது. பின்னால் ஆல்பத்தில் கேட்டபோது ஒப்பிட்டால் நிதானமாகப் போனது. நண்பனின் டேப் ரெக்கார்டரில் பெல்ட் கோளாறு என்று முடிவு செய்து, அவனைப் பல வருடம் கிண்டல் அடித்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர்களே இன்னும் வேகமாக மறுபடி பதிந்த வடிவம் ஒன்று இருக்கிறது. குறுந்தகடுகளில் ‘யு.எஸ். சிங்கிள்’ என்ற குறிப்போடு வரும், மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். பெல்ட் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. நண்பனிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்கள் படத்தில் கேட்டதற்கும் ஆல்பத்தில் கேட்பதற்கும் ஏதோ வித்தியாசம் தெரிந்தால், எந்த வடிவம் என்று பாருங்கள். ஆல்பத்தில் இருப்பது ஆறே முக்கால் நிமிடத்துக்கு ஓடும். 1973இல் அமெரிக்கத் தரவரிசையில் 9ஆம் இடம் வரை போன பாட்டு இது. பிரிட்டனில் அதே ஆண்டு தொடக்கத்தில் சில்வியாவும் இதுவும் ஒரே நேரத்தில் பட்டியலில் இருந்தன. பாடகர் இல்லாத ஒரு வெளிநாட்டுக் குழுவுக்கு அது சாதாரண விஷயமல்ல.

1973இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘மிட்நைட் ஸ்பெஷல்’ நிகழ்ச்சியில் இதை வாசித்த வீடியோ இணையத்தில் சுற்றுகிறது. அதில் வேகம் இன்னும் ஒரு படி மேல். கொடுத்த நேரத்துக்குள் முடிக்கத்தான் அப்படி ஓட்டினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்கப் பொருத்தமாக இருக்கிறது, அதற்கு மேல் அதில் நான் கைவைக்க மாட்டேன். வீடியோவில் ஃபன் லேரின் முகத்தைப் பாருங்கள். ஆர்கனில் இரண்டு கையும் இருக்க, யோடல் பாடி முடித்த அடுத்த நொடி புல்லாங்குழல் உதட்டில் இருக்கும்.

‘பாட்டே இல்லை’ என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதில் ஒரு சின்னத் திருத்தம். குரல் இருக்கிறது, வார்த்தைதான் இல்லை. ஃபன் லேர் தன் குரலை இன்னொரு குழல் மாதிரி பயன்படுத்துகிறார். அபூர்வமாக வார்த்தை வந்தாலும் அது ராக் பாட்டு வார்த்தையாக இருக்காது. ‘ரவுண்ட் கோஸ் தி காசிப்’பில் வருவது பழைய ரோமக் கவிஞர் வர்ஜிலின் லத்தீன் வரிகள், வதந்தி எப்படிப் பரவுகிறது என்ற பகுதி. இரண்டாவது ஆல்பத்தின் தலைப்புப் பாட்டான ‘மூவிங் வேவ்ஸ்’ பியானோவும் குரலும் மட்டும் கொண்ட சின்ன உருப்படி. அதன் வரிகள் இனாயத் கானுடையவை. பரோடாவில் 1882இல் பிறந்து, வீணைக் கலைஞராக மேற்கே போய், சூஃபி ஆசானாக அறியப்பட்டவர். நெதர்லாந்து ராக் இசைத்தட்டில் ஒரு வீணைக்காரரின் கவிதை இருப்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

இனி உங்களைப் பயமுறுத்திய 23 நிமிடம். ‘இரப்ஷன்’ என்ற அந்த டிராக் மூவிங் வேவ்ஸின் இரண்டாம் பக்கம் முழுவதும். ஓர்ஃபியஸ், யூரிடிஸ் கதைதான் அடிப்படை. இறந்துபோன மனைவியைத் தேடிப் பாதாளம் வரை போன பாடகன், திரும்பிப் பார்த்ததால் அவளை மறுபடி இழந்தவன். வார்த்தையில்லாத டிராக்குக்கு ஒரு பாடகனின் கதை! ஒரே நீளமான பாட்டு என்று நினைத்தால் அலுப்புத் தட்டும். அது பல துண்டுகளின் கோவை. துண்டுகளுக்குப் பெயரும் உண்டு, பெயரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம். ‘ஓர்ஃபியஸ்’ என்ற துண்டில் ஆர்கன் கோயில் வாசலில் நிற்பது போல மெதுவாகத் தொடங்கும். ‘ஆன்ஸர்’ வரும்போது குழு மொத்தமும் பாயும். பிறகு ‘பியூபிலா’ என்ற மெதுவான மெட்டு, அதற்கு நடுவில் ‘டாமி’. இந்த டாமி இவர்கள் எழுதியதே அல்ல. சொல்யூஷன் என்ற இன்னொரு டச்சுக் குழுவின் டாம் பார்லாக் எழுதியது. ஆனால் ஆக்கர்மன் அதை எடுத்து வாசிக்கும் விதத்தில், இந்த ஆல்பத்தில் ஒரே ஒரு நிமிடம்தான் கேட்க அனுமதி என்றால் நான் அதைத்தான் எடுப்பேன். மெட்டு ஒரு படி ஏறி நிற்கும், இறங்கப் போவது போலக் காட்டி இன்னொரு படி ஏறும். அவசரமே இல்லை. ‘தி பிரிட்ஜ்’ ஆக்கர்மனின் வீடு, ஜாஸ் ராக் பாய்ச்சல். ‘எண்ட்லெஸ் ரோடு’ டிரம்ஸின் தனி ஆவர்த்தனம். கடைசியில் ஆன்ஸர், ஓர்ஃபியஸ், யூரிடிஸ் மெட்டுகள் திரும்பி வரும். தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம் என்று தெரிய வேண்டுமென்றால் தொடக்கத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும். அதனால் முதல் மூன்று நிமிடத்தை இரண்டு முறை கேட்டுவிட்டு மேலே போங்கள். இடையில் மனம் எங்காவது போனால் போகட்டும், ஆன்ஸர் வந்து இழுத்துக்கொள்ளும்.

அடுத்தது 1972இன் ‘ஃபோக்கஸ் 3’, இரட்டை இசைத்தட்டு. பேஸ் கிட்டாருக்கு பெர்ட் ராய்ட்டர் வந்துவிட்டார். என்னைக் கேட்டால் இவர்களின் ஆகச் சிறந்த பக்கமும் ஆக நீளமான அலுப்பும் இதே ஆல்பத்தில் இருக்கின்றன. முதல் தட்டு முழுவதும் கேளுங்கள், சில்வியாவும் ஃபோக்கஸ் 3 மெட்டும் அதில்தான். ‘அனானிமஸ் 2’ மட்டும் 26 நிமிடத்துக்கு மேல். பழைய தட்டில் ஒரு பக்கத்தில் அடங்காமல் அடுத்த பக்கத்துக்கும் வழிந்தது. குழல், ஆர்கன், பேஸ், கிட்டார், டிரம்ஸ் என்று ஒவ்வொருவரும் முறை வைத்துத் தனியாக வாசிக்கிறார்கள். வாசிப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் பாடுகிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை, எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர் இதை முதலில் போட்டால் ஓடிவிடுவார். நீங்கள் கேட்டு மனம் அலைந்தது இதுவாக இருந்திருந்தால் தவறு உங்கள் மேல் இல்லை. ஜாஸ் பழகிய நண்பர்கள் இதற்காக என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும். அதே ஆல்பத்தில் ‘எல்ஸ்பெத் ஆஃப் நாட்டிங்ஹாம்’ என்று மூன்று நிமிட உருப்படி ஒன்று இருக்கிறது. லூட்டும் ரெகார்டர் என்ற நேர்க்குழலும் மட்டும். இதைத் தவறவிட வேண்டாம்.

1973 மே 5ஆம் தேதி லண்டன் ரெயின்போ அரங்கில் பதிந்த கச்சேரி ‘அட் தி ரெயின்போ’ என்று வந்தது. இங்கே இரப்ஷனை எட்டு நிமிடத்துக்குச் சுருக்கி வாசித்திருக்கிறார்கள். 23 நிமிடம் பயமாக இருந்தால் முதலில் இதைக் கேட்டு மெட்டுகளைப் பழகிக்கொண்டு அப்புறம் முழு வடிவத்துக்குப் போகலாம். நான் மாணவர்களுக்குச் சொல்லும் குறுக்குவழி இது. அந்த ஆண்டு இந்தக் கச்சேரித் தட்டு வந்ததற்கு ஒரு காரணம், இங்கிலாந்தின் சிப்பிங் நார்ட்டனில் தொடங்கிய புது ஸ்டுடியோ ஆல்பம் முடிவு பெறாமல் போனது. அந்தப் பதிவுகளில் சில 1976இல் ‘ஷிப் ஆஃப் மெமரீஸ்’ என்ற தொகுப்பில் வெளிவந்தன. மிச்சம் மீதி என்று தள்ள வேண்டாம், ‘அவுட் ஆஃப் விசூவியஸ்’ அதில் நல்ல உருப்படி.

ஃபன் டெர் லிண்டன் விலகிக் காலின் ஆலன் டிரம்ஸுக்கு வந்தபின் 1974இல் ‘ஹாம்பர்கர் கான்செர்ட்டோ’. தலைப்பு டிராக் 20 நிமிடம். துண்டுகளின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்டார்ட்டர், ரேர், மீடியம் 1, மீடியம் 2, வெல் டன், ஒன் ஃபார் தி ரோடு. ஹோட்டலில் மாட்டுக்கறி எவ்வளவு வேக வேண்டும் என்று சொல்கிற வரிசை. சிரித்துவிட்டுக் கேட்டால் தொடக்கத்திலேயே ஒரு கம்பீரமான மெட்டு. ஹைடனின் மெட்டு என்ற பெயரில் சாஸ்திரிய இசையமைப்பாளர் பிராம்ஸ் எடுத்துப் பல விதமாக மாற்றி எழுதினாரே, அந்த மெட்டு. பிராம்ஸ் பிறந்த ஊர் ஹாம்பர்க். தலைப்பில் இருக்கும் சிலேடை அதுதான் என்பது என் ஊகம். வெல் டன் பகுதியில் ஃபன் லேர் டச்சு மொழியில் பழைய கிறிஸ்துமஸ் பாடல் ஒன்றைப் பாடுகிறார், 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கவிஞர் ஃபொண்டல் எழுதிய நாடகத்தில் வருவது. ஆல்பத்தைத் திறப்பதும் 1612இல் வெளியான ஒரு லூட் புத்தகத்திலிருந்து எடுத்த சின்ன உருப்படி. பழைய சரக்கைக் கூச்சமில்லாமல் எடுத்து வாசிப்பதில் இந்த ஆல்பத்துக்கு நிகரில்லை. இரப்ஷனைவிட இது கட்டுக்கோப்பானது என்பேன். ஆனால் இரப்ஷனில் இருக்கும் அந்தத் தவிப்பு இதில் குறைவு. டிரம்ஸ் நேராகப் போவதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஃபன் டெர் லிண்டனின் ஜாஸ் கை எப்போதும் தாளத்தை லேசாகக் கலைத்துக்கொண்டே இருக்கும். இந்த விஷயத்தில் ஒரு டிரம்ஸ் கலைஞரைக் கேட்பது நல்லது.

அதற்குப் பிறகு இறக்கம். 1975இன் ‘மதர் ஃபோக்கஸ்’ சின்னச் சின்ன இனிமையான பாப் உருப்படிகள், பின்னணியில் ஓடவிடலாம். 1976இல் ஆக்கர்மன் போய்விட்டார். 1978இல் பி. ஜே. ப்ரோபி என்ற பாடகரைக் கூட்டிவந்து ஒரு ஆல்பம் போட்டார்கள். கடைசியில் ஒரு முறையான பாடகர் கிடைத்தார், ஆல்பத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 2000களில் ஃபன் லேர் இளைஞர்களோடு குழுவை மறுபடி தொடங்கினார். அந்த ஆல்பங்களில் நல்ல மெட்டுகள் உண்டு, ஆனால் ஆரம்பிக்கிற இடம் அதுவல்ல.

டச்சுக் குழுக்களில் முழுக்க வாத்திய இசை என்றால் ஃபின்ச் என்ற ஹேக் நகரத்துக் குழுவையும் சொல்ல வேண்டும். 1975இல் இருந்து 1977க்குள் மூன்று ஆல்பம். வாசிப்பில் ஃபோக்கஸைவிடச் சிக்கலானது, மெட்டில் கொஞ்சம் கஞ்சம். எக்செப்ஷன் என்ற குழு பீத்தோவனையும் பாஹ்வையும் ராக் தாளத்தில் வாசித்துப் பிரபலமானது. ஒரு தட்டு கேட்டால் போதும்.

என்ன வரிசையில் கேட்பது? முதல் நாள் சில்வியா, ஹவுஸ் ஆஃப் தி கிங், ஃபோக்கஸ் 2. மூன்றும் சேர்ந்து பத்து நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும். மெட்டு வாயில் வந்துவிட்டால் மூவிங் வேவ்ஸை முதல் பக்கம் மட்டும். பிறகு ரெயின்போ கச்சேரி, அதன்பின் முழு இரப்ஷன், அப்புறம் ஹாம்பர்கர். அனானிமஸ் 2 இந்த வருடம் வேண்டாம்.

ஹோகஸ் போகஸ் மாதிரி வேறு உண்டா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், இல்லை. அவர்களிடமே இன்னொன்று கிடையாது. அதில் உங்களுக்குப் பிடித்தது அந்த உற்சாகம் என்றால் ஹவுஸ் ஆஃப் தி கிங்கைப் போடுங்கள். மூன்று நிமிடம்கூட ஆகாது, புல்லாங்குழல் துள்ளிக்கொண்டு போகும். வீட்டில் யாராவது எட்டிப் பார்த்து ‘இது ஜெத்ரோ டல் தானே?’ என்பார்கள், புல்லாங்குழலுக்குப் பேர்போன பிரிட்டிஷ் ராக் குழு அது. ஊரெல்லாம் செய்கிற தவறு இது. நானும் பத்து வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதுவும் கேசட் அட்டையில் என் கையாலேயே எழுதி வைத்து.